பித்தளைப் பலகைக்குக் கீழே இருந்த எண்

அன்பு மகனுக்கு,

நான் நலம், கோபம் ஒன்றைத் தவிர. உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லாமல் உன் மாமா அதை அழைப்பிதழிலேயே தங்க எழுத்தில் அச்சடித்து அனுப்பிவிட்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புதுக் கடை, நீதான் மேனேஜர், வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. மருத்துவக் கருவிகள் விற்கிற கடைக்கு இத்தனை பெரிய அழைப்பிதழை நான் பார்த்ததில்லை. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அன்றைக்கே செலாயாங்கில் உள்ள ஒரு தர்ம மருத்துவ இல்லத்துக்கு டயாலிசிஸ் இயந்திரம் ஒன்று, என் அப்பாவின் நினைவாக, உன் கையால் உபயமாக வழங்கப்படுமாம். அந்த வரியைப் படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பி கசந்துவிட்டது. நேற்று நீ போனில் என்ன சொன்னாய்? "பழசையெல்லாம் விட்டுருங்கம்மா. வந்து மாமாகூட ஒரு வாய் சாப்பிடுங்க லா. சொத்துத் தகராறு இல்லாத குடும்பம் எங்க இருக்கு?" என்றாய். சொத்தா? எந்தச் சொத்து? என் அண்ணன் என்னிடமிருந்து ஒரு சல்லி எடுத்ததில்லை, நானும் அவரிடம் கேட்டதில்லை. இத்தனை வருடம் நான் அவர் வீட்டுப் படி ஏறாததற்கு நீயாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டாய், அதைத் திருத்தாமல் நானும் இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்க முடியாது. உண்மைக் காரணம் தெரியாமல் அந்த மேனேஜர் நாற்காலியில் நீ உட்காரக் கூடாது. இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. உன் மாமா படிக்கட்டும். கடையில் வேலை பார்க்கிறவர்களும் படிக்கட்டும்.

நீ ஆரம்பப் பள்ளியில் படித்த காலம் அது. கிள்ளானில் நம் ஆட்கள் சிலர் கமிட்டி வைத்து நடத்திய சின்னப் பிரசவ இல்லத்தில் நான் வேலை பார்த்தேன். நர்ஸ் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான். வருகிறவர்கள் பெரும்பாலும் ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பெண்கள். காப்பார் பக்கமிருந்தும் டெங்கில் பக்கமிருந்தும் இடுப்பு வலியோடு லோரியில் ஏறி வந்தவர்கள் உண்டு. குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டால் எங்களிடம் இருந்ததெல்லாம் பஞ்சும் சுடுதண்ணீர்ப் புட்டியும்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினால் சில பிள்ளைகள் போய்ச் சேரும், சில வழியிலேயே அடங்கிவிடும். பார்த்துப் பார்த்து மனம் நொந்து ஒரு நாள் உன் மாமாவிடம் போய் நின்றேன். அப்போதே அவர் ஆஸ்பத்திரிகளுக்குக் கத்திரியிலிருந்து கட்டில் வரைக்கும் விற்றுக்கொண்டிருந்தார். குறைமாதப் பிள்ளையைச் சூட்டில் வைத்துக் காக்கிற கண்ணாடிப் பெட்டி, அந்த இன்குபேட்டர், ஒன்று வேண்டும் என்று கேட்டேன். மறுபேச்சுப் பேசாமல் தருகிறேன் என்றார். கேட்டது நான், கொடுத்தது அவர். கொடுத்த மனசை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பெட்டி வந்த நாளை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீடு தோற்றது. வாசலில் மாவிலைத் தோரணம். கண்ணாடிக்கு நான்கு பக்கமும் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. புதுக் கார் வாங்கினால் செய்கிற மாதிரி, அந்தப் பெட்டியின் குட்டிச் சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதன் பிறகு பலகை வந்தது. நம் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்குப் பெயர் எழுதியாக வேண்டுமே! இது இன்குபேட்டர், சும்மா விடுவார்களா? பித்தளையில் என் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே உபயம் என்று உன் மாமாவின் பெயர். போட்டோவில் விழ வேண்டும் என்பதற்காகப் பெட்டியின் முன்பக்கத்தில் பொருத்தச் சொன்னார். அந்த இடத்தில் ஏற்கனவே தயாரிப்பாளரின் சின்னத் தகடு ஒன்று இருந்தது, சீரியல் நம்பரோடு. கடை ஆள் தயங்கினான். "அது என்னமோ நம்பர்டா, யாரு படிக்கப் போறா? அதுக்கு மேலயே அடி" என்றார் உன் மாமா. நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். அது என் அப்பாவின் பெயரல்லவா.

சில பிள்ளைகள் அந்தப் பெட்டியால் பிழைத்ததை நான் மறுக்கவில்லை. ஒரு முறை உனக்கு அம்மை போட்டது. நான் லீவு எடுத்துக்கொண்டு வேப்பிலையும் கையுமாக உன் பக்கத்திலேயே கிடந்தேன். திரும்பி வேலைக்குப் போனபோது, டெங்கிலிலிருந்து வந்த லெட்சுமி என்ற பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிறந்த மகள் பெட்டியில் இருந்ததாகவும், காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். கிருமித் தொற்று என்று டாக்டர் எழுதியிருந்தார். லெட்சுமியைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குறைமாதப் பிள்ளைகள் தவறுவது அந்தக் காலத்தில் புதிதில்லை. பெட்டியைத் துடைத்து அடுத்த பிள்ளையை வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், கோலாலம்பூரில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த என் தோழி மேரி போன் பண்ணினாள். "ஏய், ஒங்க அண்ணன் கடை ஆளுங்க வந்து எங்க இன்குபேட்டரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க லா. சூட்டைக் கட்டுப்படுத்துற சாமான் உள்ளேயே ஒட்டிக்கிதாம். ஏறுன சூடு எறங்காதாம். செஞ்ச கம்பெனியே ரீகால் பண்ணிட்டாங்க, நம்பரெல்லாம் போட்டு. புதுசு ஒன்னு தர்றாங்களாம். ஒங்களுக்கு எப்ப வர்றாங்க?" என்றாள். ரீகால் என்ற சொல்லை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். விற்ற பொருளில் கோளாறு என்று தெரிந்து, விற்றவனே தேடி வந்து திரும்பப் பெறுவது. கேட்கும்போது நல்ல பழக்கமாகத்தான் தோன்றியது. உடனே உன் மாமாவுக்குப் போன் போட்டேன். "எங்க மெஷினுக்கு எப்பண்ணே ஆள் வருது?" என்று கேட்டேன். "ஒங்களுதா? அதுக்கு பில்லே போடலையேம்மா. பில்லைப் பார்த்துத்தான் பசங்கள அனுப்பினேன். அது தர்மமாக் கொடுத்ததுல்ல" என்றார்.

அந்த வார்த்தையை யோசித்துப் பார். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கடையில் பில் இருந்தது. அதனால் அவனைத் தேடி வேன் போனது, புது மெஷினும் போனது. தர்மமாக வாங்கியவனுக்குப் பில் இல்லை, அதனால் அவன் ஆபத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் நினைவே வரவில்லை. கூடப் பிறந்த தங்கை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறாள் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை! கொடுத்த அன்று மாலை போட்டு, போட்டோ எடுத்து ஊரைக் கூட்டியவருக்கு, திரும்பப் பெற வேண்டிய அன்று அது தன் பொருளாகவே தெரியவில்லை. "நம்பர் லிஸ்ட்ல இருக்கான்னு பாரு, இருந்தா அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். நம்பர் பலகைக்கு அடியில் இருக்கிறதே என்றேன். "ஐயோ, அதக் கழட்டிராத! அப்பா பேரு அது. நானே வந்து பார்க்குறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் போனை வைத்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு பிள்ளை இருந்தது. முதல் வேலையாக அதை வெளியே எடுத்துப் பஞ்சில் சுற்றி, அதன் தாயின் நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் கட்டினேன். அதற்குள் கமிட்டித் தலைவருக்குச் செய்தி போய் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நன்கொடை கொடுப்பவர்களைக் கண்டால் முதுகெலும்பு கரைந்துவிடும். "மிஸ்ஸி, பூஜை போட்டு வச்ச பலகை அது. ஒரு பெரிய மனுஷன் பேரு. கமிட்டி கூடிப் பேசாம கழட்டுனா ஒங்க அண்ணன் மனசு என்ன பாடுபடும்? அப்புறம் யாரு நமக்கு உபயம் கொடுப்பா?" என்று கெஞ்சினார். "அதுவரைக்கும் பிள்ளைய உள்ள வச்சு வேக வைக்கணுமா?" என்று கத்திவிட்டேன். வார்டில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வேன் ஓட்டுகிறவரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்தேன். திருகுகளின் பள்ளத்தில் பூஜைச் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. கொண்டை ஊசியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கழற்ற முடிந்தது. அடியில் நம்பர் பளிச்சென்று இருந்தது. மேரி தன் ஆஸ்பத்திரிக்கு வந்த அறிவிப்பைப் போனில் படித்தாள். எங்கள் நம்பரும் அதில் இருந்தது.

காலிப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்து மெஷினை ஓடவிட்டோம். தலைவரையும் பக்கத்தில் நிற்க வைத்தேன். பாதரசம் ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, அப்பாடா என்று அவர் மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏற ஆரம்பித்தது, அப்புறம் இறங்கவேயில்லை. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி மிஸ்ஸி, நிறுத்திருங்க. ஆனா வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றார்.

தலைவர் போன் பண்ணியிருப்பார் போல, அன்று சாயங்காலமே உன் மாமா வேனோடு வந்தார். வந்தவர் மெஷினைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த பலகையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். "அப்பா பேரைக் கீழ எறக்கிட்டியே" என்றார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. அப்பாவின்மேல் அவருக்கு அத்தனை பாசம். ஆனால் எனக்கு அப்போது பாசத்தைப் பார்க்கிற பொறுமை இல்லை. "லெட்சுமி பிள்ளைக்கு என்னண்ணே பதில்?" என்று கேட்டேன். "அது காய்ச்சல்ல போச்சு. டாக்டரே எழுதிட்டாரு. நீ ஏன் இல்லாதத இழுக்குற? வெளிய தெரிஞ்சா கடைய மூட வேண்டியதுதான். எனக்கென்ன பிள்ளையா குட்டியா? ஒன் மகனுக்குத்தானே இவ்வளவும் சேர்க்குறேன்!" என்றார். கேட்டாயா தம்பி? அன்றைக்கே உன் பெயரைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கப் பார்த்தார்.

காய்ச்சலா, மெஷினா? எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். டாக்டருக்கும் தெரியாது, உன் மாமாவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆறவேயில்லை. பழைய மெஷினைக் கொண்டுபோய்விட்டுப் புதியது கொடுத்தார். அந்தப் புதிய மெஷினிலும் அதே பலகையை, அதே இடத்தில், நம்பரின் மேலேயே திருகி அனுப்பியிருந்தார்! வந்த அன்றே கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் வந்து கேட்கவில்லை. அந்தப் பலகை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அவர் வீட்டுப் படி ஏறுவதையும் அன்றோடு நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா என்னை டெங்கிலுக்குக் கூட்டிப்போனார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், எங்கே என்று நீ கேட்டதற்குக் கல்யாணத்துக்கு என்று சொன்னது நினைவிருக்கிறது. லெட்சுமி வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே, "கண்ணாடி சுட்டுச்சு மிஸ்ஸி. நான் கைய வச்சுப் பாத்துட்டு டாக்டர்கிட்டயும் சொன்னேன், அங்க இருந்தவங்ககிட்டயும் சொன்னேன். 'சாமி கும்பிட்டு வச்ச மெஷின், ஒன்னும் ஆகாது'ன்னாங்க. நானும் அதத் தொட்டுக் கும்பிட்டேன்" என்றாள்.

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டுமா? நாங்கள் பூசிய சந்தனத்தையும் கட்டிய மாலையையும் பார்த்து, ஒரு தாய் தன் கை உணர்ந்த சூட்டை நம்பாமல் விட்டிருக்கிறாள். பக்தியின்மேல் எனக்குக் கோபமில்லை, காலையில் விளக்கேற்றாமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் சாமியின் பெயரைச் சொல்லி ஒரு மெஷினின்மேல் கேள்வி கேட்க விடாமல் செய்தார்களே, அவர்களை எந்தச் சாமி மன்னிக்கும்? நான் இப்படிப் பொருமிக்கொண்டிருந்தபோது லெட்சுமி மெதுவாகக் கேட்டாள். "பெட்டிய எடுத்துட்டுப் போக ஆளு வந்தாங்களா மிஸ்ஸி?" வந்தார்கள் என்றேன். "எங்க வீட்டுக்கு யாரும் வரலையே" என்றாள்.

அப்புறம்தான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பிள்ளை போனது அவளால்தான் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். கர்ப்பத்தில் அடங்காமல் வேலைக்குப் போனாள், ராசியில்லாத கை, அவள் தொட்டதால்தான் பிள்ளை தங்கவில்லை என்று தினமும் பேச்சு. "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க மிஸ்ஸி. நல்லவங்க, ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னுருவாங்க. மெஷின் கொடுத்த கடைக்காரவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மெஷின்ல கோளாறு இருந்துச்சு, நான் சொன்னது சரின்னு. எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றாள். நான் உன் மாமாவுக்கு ஆள்விட்டேன், போனில் கேட்டேன், உன் அப்பாவை நேரில் அனுப்பினேன். "அந்த வீட்டுல காலை வச்சா நாளைக்கு வக்கீலோட வருவாங்க" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். வக்கீலாம்! வேலைக்குப் பஸ் பிடித்துப் போகவே காசு தேடுகிற வீட்டுக்கு வக்கீல் எங்கிருந்து வருவான்? இன்றுவரைக்கும் அந்தக் கடையிலிருந்து ஒருவரும் போகவில்லை. லெட்சுமிக்கு அதன் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலே மாமியார் அவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாராம். தன் பிள்ளையைத் தூக்கத் தாய் பயப்பட வேண்டியிருந்தது, என் அண்ணன் வாய் திறக்காததால்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரம் பண்ணாதே என்று சொல்ல எனக்கு என்ன வந்தது? நீ நல்ல கருவிகளை விற்றால் நாலு பேர் பிழைப்பார்கள். கோளாறே இல்லாத பொருளை யாராலும் செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும், வேலையில் எத்தனையோ கத்திரிகள் கையிலேயே முறிந்திருக்கின்றன. கோளாறு தெரிந்ததும் அறிவித்தானே, செய்த கம்பெனிக்காரன், அவனைக்கூட நான் திட்டவில்லை. உன் மேசைக்கும் ஒரு நாள் அப்படி ஓர் அறிவிப்பு வரும், கட்டாயம் வரும். அன்று பில்லை மட்டும் புரட்டாதே. தர்மமாகப் போனதையும், ஓசியில் போனதையும், பழசென்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டதையும் சேர்த்துத் தேடு. பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றுவது பாதி வேலைதான். அதற்குள் யார் படுத்திருந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பது மீதி. உன் மாமாவின் கடையில் அந்த மீதிப் பாதியை இதுவரை ஒருவரும் செய்ததில்லை. செலாயாங்குக்குப் போகிற டயாலிசிஸ் மெஷினில் தாத்தாவின் பெயரை எங்கே வேண்டுமானாலும் வை, கூரையில்கூட எழுதிக்கொள், எனக்குப் பெருமைதான். நம்பரின்மேல் வைத்தால் மட்டும், எத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி, கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். என்னை உனக்குத் தெரியும்.

நான் பூஜைக்கு வர வேண்டும், மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டாயே, வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் டெங்கிலுக்குப் போ. செம்பனை எண்ணெய் ஆலையைத் தாண்டினால் மாரியம்மன் கோயில், அதற்குப் பின்னால் உள்ள வீடுகளில் லெட்சுமி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மிஸ்ஸியின் மகன் என்று சொல்லிக்கொண்டு போகாதே, கடையின் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மேனேஜராகப் போ. மாமா கூட வந்தால் நல்லது, வராவிட்டால் அவரை எதிர்பார்த்து நிற்காதே. தேநீர் கொடுத்தால் குடி. மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் கடை கொடுத்த மெஷினில் கோளாறு இருந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனோம், உங்களிடம் வந்து சொல்லாமல் விட்டுவிட்டோம், உங்கள் மருமகள் சுடுகிறது என்று சொன்னது சரி என்று சொல். அந்த அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்.

உன் அம்மா